பின்சக்கரத்தை மாற்றுவதற்கு முன்: வாசகர் கேள்வி–பதில்

பழைய புல்லட், கிளாசிக் வண்டிகளைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பின்சக்கரம் பற்றிய கேள்விகள் தொடர்ந்து இடம்பெறுகின்றன. அவற்றுள் சிலவற்றை இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொள்கிறோம்.

என்னிடம் 2014-ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 உள்ளது. பின்னால் 110/90-18 டயர். வண்டியை பாபர் (மட்கார்டைக் குறுக்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றிய வண்டி) தோற்றத்துக்கு மாற்றி வருகிறேன். 16 அங்குல ரிம்மில் 150/80 டயர் போடலாம் என்கிறார் மெக்கானிக். ரிம் சிறியதானால் வண்டி தாழ்ந்துவிடும் என்று நண்பர் எச்சரிக்கிறார். பஜாஜ் அவெஞ்சர் வண்டியின் 130/90-15 டயரைப் போட்டவர்களும் இருக்கிறார்கள். எது சரி?
— திருச்சி வாசகர்

ரிம்மின் அங்குல அளவை மட்டும் பார்த்து வண்டி தாழுமா, தாழாதா என்று சொல்லிவிட முடியாது. தரையைத் தொடுவது டயர். ஆகவே ரிம்மோடு டயரின் பக்கச் சுவரையும் சேர்த்து, சக்கரத்தின் முழு உயரத்தைக் கணக்கிட வேண்டும். கணக்கு எளியது. 110/90-18 என்றால் 110 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 18 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். ரிம் அளவை 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும். டயரின் அகலத்தில் இத்தனை விழுக்காடு என்று சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண் சொல்லும் பக்கச் சுவரை, மேலும் கீழும் இருப்பதால், இருமுறை கூட்ட வேண்டும். உங்களுடைய 110/90-18 டயரின் உயரம் இந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 655 மி.மீ. மெக்கானிக் சொல்லும் 150/80-16 டயரின் உயரம் 646 மி.மீ. ரிம் இரண்டு அங்குலம் குறைந்தும், சக்கரத்தின் உயரம் 9 மி.மீ. தான் குறைகிறது, அச்சு தரையை நோக்கி இறங்குவது அதில் பாதி, அதாவது நாலரை மி.மீ. நண்பரின் அச்சம் இந்த டயருக்குப் பொருந்தாது. பழைய புல்லட்டின் 3.25-19 டயரையும் (இதில் அகலமும் அங்குலத்தில்; பக்கச் சுவர் அகலத்தின் அளவே) இதே வழியில் கணக்கிட்டுப் பாருங்கள், 648 மி.மீ. அளவில் வரும். 19, 18, 16 என்று ரிம் மாறினாலும் சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது.

அவெஞ்சர் டயரின் கதை வேறு. 130/90-15 டயரின் உயரம் 615 மி.மீ.; உங்கள் வண்டியின் பின்புறம் 20 மி.மீ. இறங்கும். அதனால் முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறத்தாழ முக்கால் பாகைக்குச் சற்று மேல் கூடும். நேர்ச்சாலையில் நிதானமாகவும், குறுகிய தெருவில் திரும்புவதற்குச் சோம்பலாகவும் வண்டி மாறும். சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி முன்னைவிட நிமிர்ந்து நிற்பதால், சற்றே சரிவான இடத்தில் மறுபுறம் சாய்ந்து விழ வாய்ப்புண்டு. ஸ்டாண்டைக் குறைத்தே ஆக வேண்டும். அதே வேகத்துக்கு என்ஜின் ஆறரை விழுக்காடு கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில், 38 பற்கள் உள்ள பின் ஸ்ப்ராக்கெட்டை 36 பற்களுக்கு மாற்றினால் இந்த வேறுபாடு பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால், பின்சக்கரம் எப்படி மாறினாலும் வேகம் காட்டுவதில் பிழை வராது.

அப்படியானால் மெக்கானிக் சொல்வதே சரி என்று முடிவு செய்துவிட வேண்டாம். உயரம் ஒத்துப்போகிறது, இடர் முழுவதும் அகலத்தில் இருக்கிறது. 110 மி.மீ. டயருக்குப் பதில் 150 மி.மீ. டயர் வந்தால், நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. கூடும். ஒரு பக்கம் செயின் ஓடுகிறது, மறுபக்கம், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கவையான ஸ்விங் ஆர்மின் குழாய் இருக்கிறது. செயினின் உட்பக்கத்துக்கும் டயரின் ஓரத்துக்கும் மிக நெருக்கமான இடத்தில் உள்ள இடைவெளியை இன்றே அளந்து பாருங்கள். புதிய டயரைப் போட்ட பின் அந்த இடைவெளி 10 மி.மீ.க்குக் குறையும் என்றால் நான் அந்த டயரைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வேகத்தில் டயர் சற்று விரிகிறது. தளர்ந்த செயின் பக்கவாட்டில் அலைகிறது. வளைவில் சுமையுடன் போகும்போது ஸ்விங் ஆர்மே சிறிது முறுக்கிக்கொள்கிறது. நின்ற நிலையில் விரல் நுழையும் இடம், ஓடும்போது அப்படியே இருப்பதில்லை.

இடம் போதாதபோது பட்டறைகளில் மூன்று வழிகள் சொல்வார்கள். சக்கரத்தை மறுபக்கம் சில மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துவது முதல் வழி. முன்சக்கரத்தின் தடத்தில் பின்சக்கரம் ஓடாத வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டியவர் நீங்கள்தான் என்பதால், இதை ஒருபோதும் ஏற்காதீர்கள். இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சம அளவில் வெளியே தள்ளுவது இரண்டாவது. கியர் பெட்டியின் தண்டில் முன் ஸ்ப்ராக்கெட் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு நெம்புவிசை அங்குள்ள பேரிங்கின் மீது விழும், தண்டின் பள்ளங்களில் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பிடிமானமும் குறையும். ஸ்விங் ஆர்மை அறுத்து அகலப்படுத்தி வெல்டு வைப்பது மூன்றாவது; சரியான தாங்கியில் இறுக்கி, முறுக்கமின்றிச் செய்யத் தெரிந்தவர்கள் உண்டு என்றாலும், அவர்கள் மிகச் சிலர்.

என் பரிந்துரை 130/90-16. உயரம் 640 மி.மீ.; அச்சு இறங்குவது ஏழு மி.மீ. சொச்சம்தான். ஒவ்வொரு பக்கமும் கூடுவது 10 மி.மீ. மூன்று அங்குல அகல ரிம் இதற்குப் பொருத்தமானது. நீங்கள் தேடும் பாபர் தோற்றம் டயரின் அகலத்தால் மட்டும் வருவதில்லை, உயர்ந்த பக்கச் சுவரால்தான் பெரிதும் வருகிறது. உங்கள் டயரில் 99 மி.மீ. ஆக உள்ள பக்கச் சுவர் இதில் 117 மி.மீ. ஆகிறது. 1940-இல் ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டிகளுக்கு 16 அங்குலச் சக்கரங்களைத் தரத் தொடங்கியது. போருக்குப் பின் மட்கார்டைக் குறுக்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய பாபர்களின் முகத்தோற்றத்தில் அந்தத் தடித்த டயருக்குப் பெரும்பங்கு உண்டு. 130/90-16 அளவில் முன்சக்கரத்துக்கென்று செய்த டயர்களும் விற்பனையில் உள்ளன. பின்சக்கரத்துக்கு உரியதுதானா என்பதைப் பக்கச் சுவரில் உள்ள குறியையும் அம்பையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுகள் கணக்கில் வருபவை. நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் கூடும், குறையும். ஆகவே டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்த பிறகே இறுதி அளவை எடுங்கள்.

வேறொரு மாடலின் டிஸ்க் பிரேக் அலாய் சக்கரம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் பேரிங்கில் 6204 என்று எழுதியிருக்கிறது. நான் உருவாக்கும் வண்டியின் அச்சு 17 மி.மீ. இடைவெளிக்கு லேத்தில் ஒரு புஷ் (இடைவெளியை நிரப்பும் உள்வளையம்) கடைந்து போட்டுவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
— கோயம்புத்தூர் வாசகர்

புஷ் தேவையில்லை. 6204 பேரிங்கின் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மி.மீ. இதே வெளிவிட்டமும் தடிமனும் கொண்டு, உள்விட்டம் மட்டும் 17 மி.மீ. ஆக உள்ள பேரிங் 6303. எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் அப்படியே உட்காரும், உங்கள் அச்சும் அதில் சரியாக நுழையும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் கடைந்த புஷ் நாளடைவில் தேய்ந்து, அச்சுக்கும் பேரிங்குக்கும் இடையே ஆட்டம் கொடுக்கத் தொடங்கும்; பின்சக்கரத்தில் அந்த ஆட்டம் உண்டாகவே கூடாது.

பேரிங்கை மாற்றும்போது, இரு பேரிங்குகளுக்கும் நடுவே ஹப்புக்குள் இருக்கும் குழாயைக் கவனியுங்கள். பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சில பழைய சக்கரங்களில் அது காணாமலே போயிருக்கும். அச்சு நட்டை இறுக்கும்போது வரும் அழுத்தம் ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து மற்றொன்றின் உள்வளையத்துக்கு இந்தக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். குழாய் இல்லாவிட்டாலோ, அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலோ, உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, பேரிங் சூடாகிச் சீக்கிரமே பாழாகும். உங்கள் சக்கரத்தில் உள்ள குழாய் 20 மி.மீ. அச்சுக்கானது. அதே நீளத்தில், 17 மி.மீ. அச்சுக்கு ஏற்றதாக, பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொடும்படி புதிய குழாய் ஒன்றைக் கடைந்துகொள்ளுங்கள். லேத் பட்டறையில் செலவிட வேண்டிய பணத்தை இதில் செலவிடுங்கள். ஹப்புக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையே வரும் வெளி ஸ்பேசர்களும் ஒற்றைத் துண்டாக, இரு முகங்களும் இணையாக இருக்க வேண்டும். வாஷர்களை அடுக்கி இடைவெளியை நிரப்புவதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இவை யாவற்றையும்விட முக்கியமானது பிரேக்கின் பிடிப்பு. பிரேக் போடும்போது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தாங்கும் தகடும் சக்கரத்தோடு சுற்றிவிடத்தான் முயலும். அதைத் தடுப்பது ஸ்விங் ஆர்மில் உள்ள பள்ளமோ, ஒரு தனித் தண்டோதான். வேறு மாடலின் சக்கரத்தைக் கொண்டுவரும்போது இந்தப் பிடிப்பு பெரும்பாலும் பொருந்தாது. அந்தத் தகடு அறுபட்டுச் சுழன்றால் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். பிடிப்புக்கான கொக்கியைக் கம்பி வளைத்துச் செய்யக் கூடாது. தடித்த எஃகுத் தகட்டில், மூல வண்டியில் எந்த அளவு போல்ட் இருந்ததோ அதே அளவு போல்டுடன் அமைக்க வேண்டும். காலிப்பர் டிஸ்க்கின் நடுவில் நிற்கிறதா, சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையின்றி ஓடுகிறதா என்பதைப் பார்த்த பிறகே செயினைப் பூட்டுங்கள். ஹப்பில் உள்ள, செயினின் உதறலைத் தாங்கும் கஷ் ரப்பர்கள் பழையவை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

நான் போக்ஸ் கம்பி கோத்து வீல் கட்டும் தொழில் செய்கிறேன். கஸ்டம் வண்டிக்காரர்கள் 18 அங்குலச் சக்கரத்தின் ஹப்பைக் கொடுத்து 16 அங்குல அகல ரிம்மில் கட்டித் தரச் சொல்கிறார்கள். ரிம்மின் நடுவை ஹப்பின் நடுவுக்கு நேராக வைத்துத்தான் கட்டுகிறேன். ஆனாலும் சில வண்டிகளில் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. ஏன்?
— மதுரை வாசகர்

உங்கள் கை வேலையில் குறையில்லை. வைத்துக்கொண்ட நடுக்கோடுதான் வேறு. ஒரு பக்கம் ஸ்ப்ராக்கெட்டையும் பிரேக்கையும் தாங்கும் பின் ஹப்பின் நடு, வண்டியின் நடுவாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பல வண்டிகளில் இல்லை. ரிம்மின் நடு வண்டியின் நடுக்கோட்டோடு ஒன்ற வேண்டும். ஹப் எங்கே நின்றாலும் சரி. ஆகவே பழைய சக்கரத்தைப் பிரிப்பதற்கு முன்பே, ஹப்பின் ஒரு முகத்தின் மீது நேர்ச்சட்டம் வைத்து, அங்கிருந்து ரிம்மின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ரிம்மின் மொத்த அகலம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியை அந்த அளவிலிருந்து கழித்தால், புதிய விளிம்பு நிற்க வேண்டிய இடம் கிடைக்கும். பிரித்துக் கொண்டுவந்த ஹப்பை மட்டும் கொடுத்தால், வண்டியையே பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முணுமுணுத்தாலும் அவருடைய நன்மைக்காகவே கேட்கிறீர்கள்.

ரிம் இரண்டு அங்குலம் சிறிதானால் கம்பியின் நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். பழைய கம்பியை வெட்டி மறை போடுவதைக் காட்டிலும் சரியான நீளத்தில் புதிய கம்பிகளை வாங்குவதே நல்லது. ரிம்மில் உள்ள துளைகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்தால் போதாது. துளைகளைச் சுற்றியுள்ள குழிவுகள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். பெரிய ஹப்புக்கான கோணத்தில் குத்திய ரிம்மைச் சிறிய ஹப்பில் கட்டினால் கம்பியை ரிம்மில் இறுக்கும் நட்டான நிப்பிளின் வாயில் கம்பி வளைந்து நிற்கும். அங்கேதான் முதலில் அறும். கோட்டம் எடுக்கும்போது பக்கவாட்டிலும் உயரத்திலும் 2 மி.மீ. வரை இருக்கலாம் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் எல்லை வைக்கின்றன. புதிதாகக் கட்டும் சக்கரத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவர உங்களைப் போன்றவர்களால் முடியும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் கம்பிகள் சற்றுத் தளரும் என்பதால், மறுபடி இறுக்கிக்கொள்ள வருமாறு ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

பின்சக்கரத்தை அகலமானதாக மாற்றிய பிறகு வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் சமமாகத்தான் இருக்கின்றன.
— நாகர்கோவில் வாசகி

அந்தக் கோடுகளை நம்ப வேண்டாம், அவை தோராயமானவை. ஸ்விங் ஆர்ம் பூட்டியிருக்கும் தண்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை இரு பக்கமும் அளந்து சமமாக்குங்கள். பிறகு பின் டயரின் இரு ஓரங்களையும் தொட்டபடி, தரையிலிருந்து அரையடி உயரத்தில், முன்சக்கரத்தைத் தாண்டிப் போகும்படி இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். முன்சக்கரம் நேராக நிற்கும்போது, அதன் இரு பக்கமும் நூலுக்கு உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். இரு நூல்களும் முன்சக்கரத்துக்கு இணையாக ஓடியும் ஒரு பக்கம் இடைவெளி கூடுதலாக இருந்தால், உங்கள் சக்கரம் கோணலாக இல்லை, ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். ஸ்பேசரையோ ரிம்மின் நடுவையோதான் திருத்த வேண்டும். நூல்கள் சாய்ந்து ஓடினால் அச்சைத் திருத்தினால் போதும். இரண்டும் சரியாக இருந்தும் இழுத்தால், டயர் ரிம்மில் முழுச் சுற்றும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கச் சுவரில் உள்ள மெல்லிய கோட்டைப் பாருங்கள். திருத்தும் வரை அதிக வேகத்தில் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பின்சக்கரத்தை மாற்றினால் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுக்குமா?
— சேலம் வாசகர்

எடுக்க இடமுண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர் மீதே பொறுப்பை வைக்கிறது. தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று விற்கும் அலாய் சக்கரத்தை அதே அளவு டயருடன் போடுவதும், ஸ்விங் ஆர்மை அறுத்து 150 மி.மீ. டயர் ஏற்றுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. பின்னதைச் செய்ய நினைப்பவர், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இந்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டைக் கேள்விக்குள்ளாக்கலாம். பின்னால் அமர்ந்து வருபவரின் நலனும் இதில் அடங்கியிருக்கிறது.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சிறிய பின்சக்கரம் போடலாமா?
— திருநெல்வேலி வாசகர்

உயரம் மாறாதவரை போடலாம், மாறுமானால் வேண்டாம். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி, சக்கரத்தோடு சுற்றும் துளையிட்ட வளையத்தைக் கொண்டு இரு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிடுகிறது. பின்சக்கரம் சிறிதானால், ஒரே வேகத்தில் அது கூடுதல் சுற்றுகள் சுற்றும். முன்சக்கரம் பின்தங்குவதாகக் கருவிக்குத் தோன்றும். புதிய சக்கரத்திலும் அதே எண்ணிக்கைத் துளைகள் கொண்ட வளையம், சென்சாரிலிருந்து அதே இடைவெளியில் இருக்க வேண்டும். விளக்கு எரிகிறதே என்று சென்சாரைக் கழற்றிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட உயிர்காப்பு ஏற்பாட்டை, தோற்றத்துக்காக நீக்குவதை என்னால் ஏற்க முடியாது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய அகலச் சக்கரம், டயருடன் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
— சென்னை வாசகர்

சக்கரத்தை வாங்கலாம், டயரை அதற்காக ஏற்க வேண்டாம். அலாய் சக்கரத்தில் ஆரக்கால் ரிம்மைத் தொடும் இடங்களையும் ஹப்பின் அடியையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ, வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்த தடமோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். புதிய பெயின்ட் அடித்த சக்கரம் என்றாலே ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். அச்சைச் செருகிச் சுற்றவிட்டு, ரிம் விளிம்பின் அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் கோட்டம் கண்ணுக்குத் தெரியும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆழமான பள்ளங்களுடன் புதிது போலத் தெரிந்தாலும், பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் இறுகி, மழைச் சாலையில் பிடிப்பை இழந்திருக்கும். புதிய டயர் வாங்கும்போது சுமைக் குறியீட்டைப் பாருங்கள்: 62 என்றால் அந்த டயர் 265 கிலோ தாங்கும், 66 என்றால் 300 கிலோ. உங்கள் வண்டியின் மூல டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.